தலை நிற்காதவள்

பதினொரு நோட்டுகள்.
ஆண்டுக்கு ஒன்று, ஜனவரியில்,
துறைமுகக் கடையில் வாங்குவேன்,
ரப்பர் கையுறையோடு ஒரே பில்லில்.

கட்டம் போட்ட தாள். இடது ஓரம்
கோபம், பொய், குடி, ஜெபம்.
மேலே தேதிகள்.
கோபத்துக்கு நேராக எழுதி எழுதிச்
சிவப்பு மை தீர்ந்த ஒரு மார்ச்சில்
பச்சைக்கு மாறினேன்.
பச்சையில் பார்க்கத்
திருந்தியவன் மாதிரியே இருந்தது.

அண்ணன் ஹால்ஸ்டைனுக்குக் கட்டம் கிடையாது.
அப்பாவின் படகை அவன் விற்று ஏழு ஆண்டு.
கோபத்தில் சேர்ப்பதா, பொய்யில் சேர்ப்பதா,
முடிவு செய்யவில்லை.

லொஃபோட்டன் தீவில், மீன் கூடத்தில்,
எடை போடுகிறவன் நான்.
காட் மீனைத் தட்டில் வைத்துக் கையை எடுத்துவிடுவேன்.
கிராம் பிசகாது.
என்னை வைக்கிற இரவுகளில் மட்டும்
ஒரு விரல்
தட்டின் ஓரத்தில் மெல்ல அழுந்தும்.

தங்கை தூருன் கேட்டாள்:
குழந்தைக்கு ஞானத்தகப்பன் நீதான்.
நோட்டைப் புரட்டினேன்.
கோடை வரை பொறேன், என்றேன்,
குடியை இன்னும் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன்.
சிரித்தாள்.
ஞானஸ்நானம் உனக்கா, இவளுக்கா?

மரத்தால் கட்டிய கோயில். வெளியே
பரண் பரணாகத் தொங்கும் மீன்கள்
காற்றில் ஒன்றோடொன்று மோதிக்
கட்டைபோல் ஒலித்தன.
உள்ளே ஆஸ்லேக், ஐந்து வாரத்துக்காரி,
தன்னைப்போல் மூன்று மடங்கு நீள அங்கிக்குள்.
அவளுக்கென்று தைத்ததல்ல.
அவள் தைத்ததும் அல்ல.
யாரோ எப்போதோ தைத்து வைத்தது,
கால் நுழைந்த இடத்துக்கு வெகு கீழே
வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள், என்றார்
போதகர் ராக்ன்ஃப்ரிட்.
இன்னும் தலை நிற்கவில்லை.

தாங்கினேன்.
நாலு கிலோ அறுநூறு, என்றது கை. பழக்கதோஷம்.

முதல் கை நீர். தூங்கினாள்.
இரண்டாவதில் உதடு ஒருமுறை சப்புக்கொட்டியது,
கனவில் பால் போலும்.
மூன்றாவதிலும் விழிக்கவில்லை.
நாளை முதல் அழமாட்டேன் என்று
ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.
பேரைச் சொல்லிப் போதகர் சொன்னார்:
நீ அவருடையவள்.

காத்திருந்தேன்,
அடுத்து ஓர் "ஆனால்" வரும் என்று.
எனக்குத் தெரிந்த எல்லா நல்ல வாக்கியத்திலும்
அது வந்திருக்கிறது.
போதகர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.
வரவில்லை.

விசுவாசம் என்றால்
இறுகப் பிடிப்பது என்றிருந்தேன்.
விரல் வலிக்கும்வரை பிடித்து,
வழுக்கி, மறுபடி பிடித்து,
வழுக்கிய தேதியைக் குறித்து.
இவள் எதையும் பிடிக்கவில்லை.
என் கை கை என்றுகூட அறியாமல்
முழு பாரத்தையும் அதன்மேல் போட்டுச்
சாய்ந்து கிடந்தாள்.
என் கையோ, காலையில்
ஜாடியைப் போட்டு உடைத்த கை.
என்னைத் தாங்குகிற கை
அப்படிப்பட்டதல்ல.

காப்பி நேரத்தில் கக்கினாள்,
என் கோட்டின் உள்பை வரை.
நோட்டு நனைந்தது.
மார்ச் முழுக்கப் பச்சை பரவி
எந்தக் கட்டம் எது என்று தெரியாமல் போயிற்று.

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை.
மாலையே படகுத்துறையில்
வரிசையில் முந்திய காரைப் பார்த்து
வாயில் வந்ததெல்லாம் சொன்னேன்.
குறிக்க எடுத்தேன்.
தாள் தாளோடு ஒட்டிக் கிடந்தது,
பால் வாடையோடு.
அவர் பேரை மட்டும் சொன்னேன்.
கூட வேறு வார்த்தை இல்லை.

மேல்தட்டில் எதிர் பெஞ்சில் ஹால்ஸ்டைன்.
கோயிலில் கடைசி வரிசையில் இருந்தானாம்.
அவன் தோளிலும்
காய்ந்த பால் கறை.

தலையைச் சரியாகத் தாங்கினாயா? என்றான்.
தாங்கினேன், என்றேன்.

வேறு பேச்சில்லை.
விளக்குகள் கிட்ட வந்தன.
கரையேறப் போகிறோம்.
இருவரில் ஒருவரும்
துடுப்புப் போடவில்லை.